தூக்கி வைக்கிற கல்

வடம்போக்கித் தெருவில் யாரும் படி கட்ட மாட்டார்கள், படி வைப்பார்கள். வாசலுக்கு முன்னால் நீளமாக ஒரு கருங்கல் பலகை, அடியில் முட்டுக்கொடுக்க நாலு துண்டுக் கல், அவ்வளவுதான். சிமெண்டு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. மாசியில் தேரன்று விடிந்ததும் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கல்லைத் தூக்கி வீட்டு நடைக்குள் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் திரும்ப வெளியே வரும். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட மாப்பிள்ளை கல் தூக்குவானா என்று கேலியாகக் கேட்டுவிட்டுத்தான் இந்தத் தெருவுக்குப் பெண் கொடுப்பார்கள்.

காரணம் பெரிய ரகசியமில்லை. பழமலைநாதர் கோயில் தேர் வீதியில் நேராக வந்து முனையில் திரும்ப வேண்டும். தேர் முனைக்கு வந்து சேர வேண்டுமென்றால், அதற்கு முன்னால் போகிற வடமும் வடத்தைப் பிடித்த கூட்டமும் முனையைத் தாண்டி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அந்த எங்கேயாவதுதான் இந்தத் தெரு. வடம் போவதற்கென்று விட்ட இடம். குடியிருக்கிறவர்கள் எல்லாம் பிற்பாடு வந்தவர்கள். மணிமுத்தாற்று வெள்ளத்துக்குப் பயந்து தரையை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கிக் கட்டினார்கள். வடத்துக்குப் பயந்து படியைக் கட்டாமல் விட்டார்கள். ஆற்றுக்கும் தேருக்கும் நடுவே பிழைத்துக் கிடந்த தெரு, அதன் வரலாறு இவ்வளவுதான். பெருமை பேசுகிறவர்கள் வேண்டுமானால் ரெண்டு ராஜாவைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

அப்பேர்ப்பட்ட தெருவில், ரெண்டாயிரத்து ஏழாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, அம்புஜவல்லி தன் வாசலில் சிமெண்டில் ஒரு சரிவு கட்டிவிட்டாள்.

அவள் ஒன்றும் வெளியூர்க்காரி அல்ல. அந்தத் தெருவிலேயே பிறந்து, கல்யாணமாகிப் போய், புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்தக் குழந்தைதான் சிவசங்கரி. இப்போது கல்யாண வயசு. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவள். ஜங்ஷன் பக்கம் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. மூணு சக்கர வண்டியைக் கையாலேயே சுற்றிக்கொண்டு போய்விட்டு வருவாள். அவள் எழுதிய கண்ணென்றால் பொம்மை நம்மை முறைக்கிற மாதிரியே இருக்கும். அவளும் அப்படித்தான், எதையும் நேராகப் பார்த்து முறைப்பாள்.

காலையில் அவளை இடுப்பில் தூக்கி இறக்கி வண்டியில் உட்கார வைப்பதும், சாயங்காலம் தூக்கி ஏற்றுவதும் இத்தனை வருஷமும் அம்புஜவல்லியின் வேலை. போன ஐப்பசியில் ஒரு நாள் தூக்கும்போது இடுப்பில் சடக்கென்று ஏதோ விட்டுப்போனது. இனிமேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிவசங்கரி வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற பெண் சண்டையே போடாமல் இருந்தால் பெற்றவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அம்புஜவல்லி கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

பட்டறைக்குப் பின்னால் அங்கேயே செய்து உடைந்துபோன பீங்கான் பியூஸ் கட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதை அள்ளிவந்து ஜல்லிக்குப் பதிலாகப் போட்டு, மேலே சிமெண்டு பூசிக் கொடுத்தார் கொத்தனார். சரிவு தெருவுக்குள் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. காய்ந்த அன்றைக்குச் சிவசங்கரி அதில் தானாக இறங்கினாள். இறங்கி, வண்டியைத் திருப்பி, தானாக ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"ஏண்டி, வேலைக்குப் போவலியா?"

"இரும்மா, இன்னொரு வாட்டி."

அம்புஜவல்லி உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு வந்தாள். மாசி ஒன்று வரப்போகிறது என்பதை அப்போது அவள் நினைக்கவில்லை. நினைத்தாள், நினைக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மாசி வந்தது. தேருக்கு முதல் நாள் சாயங்காலம் தெரு ஆட்கள் அவள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் கொளஞ்சிநாதன். ஆட்டோ ஓட்டுகிறவன், தெரு இளவட்டங்களுக்குத் தலைவன் மாதிரி. வாய்தான் பெரிசு, ஆள் மோசமில்லை.

"அக்கா, நாளைக்குத் தேரு. இந்த மேட்ட என்னா பண்றதா உத்தேசம்?"

"அது எம் பொண்ணு ஏறி எறங்குற வழி. மேடுன்னு சொல்லாத."

"சரி, வழி. அந்த வழிய நாங்களே ஒடச்சிக் குடுத்துடுறோம். தேரு முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கலாம்."

"யாரு கட்டுவா, நீயா? போன வருஷம் எங்க வூட்டு ஓட்ட மாத்தித் தரேன்னு சொன்னியே, இன்னமும் ஒழுவுது."

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கொளஞ்சிநாதனுக்குச் சுருக்கென்றது. "சிரிக்கிற விசயமா இது? வடம் வர்ற தெருவுல சிமெண்டு போட்டது தப்பா இல்லையா? அத மட்டும் சொல்லுங்கக்கா."

கூட்டத்தில் யாரோ எதிர்வீட்டு வாசலைப் பார்த்து, "ஐயா, நீங்க சொல்லுங்க. தெருவுல மூத்தவரு நீங்கதான்" என்றார்கள்.

எதிர்வீட்டுக் கலியமூர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ரயில்வேயில் கொடி காட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கும் ஒன்றுதான் சொன்னார்.

"வடம் வர்ற எடத்துல எதுவும் நிக்கக் கூடாது. அது அம்புஜத்துக்கு நான் சொல்லியா தெரியணும்?"

அவ்வளவுதான், அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க பேசாதீங்க! தெருவுல யாரு வேணா சொல்லட்டும், உங்க வூட்டுலேருந்து ஒருத்தரும் எனக்குப் புத்தி சொல்ல வேணாம். எங்கப்பா எந்தக் கல்லுல அடிபட்டு வுழுந்தாருன்னு ஊருக்கே தெரியும்."

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

"காலைல கடப்பாரையோட வருவோம்" என்றான் கொளஞ்சிநாதன், குரலைத் தாழ்த்தி.

"வாங்கடா. அதுமேலயே படுத்துக்கறேன். எம்மேல போட்டு ஒடைங்க."

அவள் சொன்னது பழைய கதை. ஆனால் தெருவில் அது யாருக்கும் பழசாகவில்லை. அம்புஜவல்லி தாவணி போட்ட புதுசு. அவள் வீடும் கலியமூர்த்தி வீடும் ஒரே கொத்தனார் கட்டியவை, இரண்டு வாசல் கல்லும் ஒரே பாறையில் பிளந்த ஜோடி. அதில் எதிர்வீட்டுக் கல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கலியமூர்த்தியின் அப்பா ஒரு நாள் பொறுமையிழந்து சிமெண்டைக் குழைத்து அதைப் பூசி நிறுத்திவிட்டார். ஒரு வருஷம்தானே, யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாராம். அந்த வருஷத் தேரில் வடத்தின் ஓரத்தில் இருந்தவர் அம்புஜவல்லியின் அப்பா சாமிக்கண்ணு. தேர் குலுங்கிக் கிளம்பியபோது கூட்டம் அவரை ஒதுக்கித் தள்ளியது. முழங்காலுக்குக் கீழே கல் இடறியது. விழுந்தவர்மேல் ஆட்கள் விழுந்தார்கள். எதிரே தன் வாசலில் நின்றுகொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பாவின் கை மட்டும் ஒரு தடவை மேலே வந்தது. பிறகு அதையும் காணவில்லை.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? அதுவரை கலியமூர்த்தியைச் சித்தப்பா சித்தப்பா என்று சுற்றிக்கொண்டிருந்த பெண் அதற்குப் பிறகு அவரை எந்தப் பெயரிலும் கூப்பிட்டதில்லை. அந்தக் கல்லில் கால் வைத்ததில்லை. வடம் போகிற அகலம்தான் நடுவே, அதைத் தாண்டாமலே காலம் போய்விட்டது.

இப்போது அவளே சிமெண்டு பூசியிருக்கிறாள். விளக்கு வைத்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிவசங்கரி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குதாம்மா?"

"எனக்கென்னாடி பயம்?"

"தாத்தா மாதிரி யாராச்சும் வுழுந்துட்டா?"

அம்புஜவல்லி பாத்திரத்தை எடுத்து வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். பயம்தான். நாளைக்கு ஒருத்தன் அதில் இடறி விழுந்தால் அவள் அப்பாவைக் கொன்ற கல்லும் அவள் கட்டின சரிவும் ஒன்றுதான். அதை இடித்தால் பெண் மறுபடி ஜன்னலோரம். இரண்டில் எது நடந்தாலும் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஒடச்சிட்டா திரும்பக் கட்ட வுடுவாங்களா?" என்றாள் மகள்.

"வுடமாட்டாங்க."

"எனக்கும் அதான் தோணுது." சிவசங்கரி சீப்பிலிருந்து முடியை உருவிச் சுருட்டினாள். "கூட்டத்துல எவனும் காலப் பாக்க மாட்டாம்மா. மூஞ்சியத்தான் பாப்பான். தாத்தா கல்லப் பாத்திருந்தா வுழுந்திருப்பாரா?"

அம்புஜவல்லிக்கு அது ஏதோ சும்மா சொன்னதாகப் பட்டது.

விடிந்தது. கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். அம்புஜவல்லி சொன்னபடியே சரிவின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. கொளஞ்சிநாதன் கெஞ்சினான், அதட்டினான், தலையில் அடித்துக்கொண்டான். அதற்குள் வீதிப்பக்கம் மேளச் சத்தம் எழும்பியது. பிள்ளையார் தேர் கிளம்பிவிட்டது.

"தள்ளுங்கக்கா, நேரமில்ல!" அவன் கடப்பாரையை ஓங்கினான்.

"வுடுடா!" எதிர்வீட்டு நடையிலிருந்து கலியமூர்த்தியின் சத்தம். "அரையுங் கொறையுமா ஒடச்சா சில்லுசில்லா நிக்கும். பூரா காலையும் கிழிச்சிடும். இப்ப தொடாத."

கொளஞ்சிநாதன் கடப்பாரையைக் கீழே போட்டான். "எவனுக்காச்சும் ஒண்ணு ஆச்சின்னா நீங்கதாங்க்கா பொறுப்பு" என்று சொல்லிவிட்டு முனையைப் பார்த்து ஓடினான். தெரு முழுக்க கற்கள் நடைக்குள் போய்விட்டிருந்தன. வீடுகளின் முன்னால் முழங்கால் உயரச் சுவர் மட்டும் நேராக ஓடியது. அதில் துருத்திக்கொண்டு நின்றது அவள் சரிவு ஒன்றுதான். இப்போது பார்க்கும்போது எவ்வளவு பெரிசாக இருக்கிறது என்று அவளுக்கே திக்கென்றது.

அப்போதுதான் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. சிவசங்கரி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். சிவப்புச் சுடிதார், சிவப்புத் துப்பட்டா. அம்மாவை ஒதுங்கச் சொல்லிச் சரிவில் இறங்கி, அதன் காலடியில், தெருவைப் பார்த்து வண்டியை நிறுத்தி பிரேக்கை இறுக்கினாள்.

"எங்கடி போற? உள்ள வா!"

"இங்கதான் இருப்பேன். என்னப் பாத்தா ஒதுங்கிப் போவாங்க."

"பைத்தியமாடி ஒனக்கு? வடம் வருதுடி!"

"வரட்டும். என்னாலதான கட்டுன? நானே காவல் இருக்கேன்."

அம்புஜவல்லி கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி அசையவில்லை. தூக்கலாம் என்று குனிந்தாள். இடுப்பு சொல்லிவிட்டது, முடியாதென்று. கத்தினாள், திட்டினாள், சாமி சத்தியம் வைத்தாள். மகள் முறைத்த முறைப்பில் எதுவும் எடுபடவில்லை. அதற்குள் முனையைத் தாண்டி முதல் வடம் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. அம்புஜவல்லி வண்டிக்குப் பின்னால் போய் நின்று அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்ய?

பிள்ளையார் தேருக்குக் கூட்டம் குறைச்சல். முன்னால் வந்த பையன்கள் வண்டியைப் பார்த்ததும் வளைந்து போனார்கள். "என்னா தங்கச்சி, டிராபிக் போலீசா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமா, ஓரமாப் போ, இல்லன்னா கேஸு போட்டுடுவேன்" என்றாள் சிவசங்கரி. முருகன் தேருக்குக் கூட்டம் கொஞ்சம் கூடுதல். ஒருத்தன் தோள் வண்டியில் இடித்தது, அவ்வளவுதான். அம்புஜவல்லிக்கு மூச்சு கொஞ்சம் வந்தது. ஆனால் கை கம்பியை விடவில்லை. அடுத்தது பெரிய தேர்.

பெரிய தேர் வரும்போது தெருவுக்குச் சத்தம் முன்னால் வரும். பறை, சங்கு, தேரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கிற இயந்திரத்தின் உறுமல். அதற்கு நடுவில் எதிர்வீட்டுக் கலியமூர்த்தி படியில்லாத வாசலிலிருந்து குதித்து இறங்கித் தெருவைக் கடந்து வந்தார். வந்தவர் சரிவின் பக்கவாட்டில், சுவரோரமாக, கூட்டம் வரும் திசையைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எதுக்கு இங்க?" என்றாள் அம்புஜவல்லி.

"வடத்தப் பாரு" என்றார் அவர். திரும்பவே இல்லை.

இரண்டு வடங்கள் பக்கம் பக்கமாக உள்ளே வந்தன. தொடை பருமன். அவற்றைப் பிடித்தவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். வேர்வையும் திருநீறும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. முன்வரிசை ஆட்கள் சிவப்புத் துணியைப் பார்த்தார்கள், விலகினார்கள், "பொண்ணு, பொண்ணு, பாத்து" என்று பின்னால் சொல்லிக்கொண்டே போனார்கள். பெண் சொன்னது சரிதான், எல்லோரும் மூஞ்சியைத்தான் பார்த்தார்கள். வடம் பாதித் தெரு தாண்டியது. முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தேர் நின்றது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள். வடம் தளர்ந்து தரையில் விழுந்தது. ஆட்கள் மூச்சு வாங்கினார்கள்.

பிறகு கட்டையை எடுத்தார்கள். தேர் ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது. வடம் விறைத்து எழும்பியது. அதே குலுக்கு.

மொத்தக் கூட்டமும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. வண்டிக்கு முன்னால் போகிறவர்கள் விலகினார்கள், சரி. வண்டிக்குப் பின்னால், சுவரோரம் தள்ளப்பட்டவன் எங்கே விலகுவான்? கலியமூர்த்தியின் விரித்த கைகளுக்கு அடியில் ஒரு பையன் சரிந்து வந்தான். யாரோ வெளியூர்ப் பையன், இடுப்பில் துண்டு கட்டியிருந்தான். சரிவின் பக்கவாட்டு விளிம்பில் அவன் முழங்கால் போய் மோதியது. குப்புற விழுந்தான். அவன்மேல் இன்னொருத்தன் சாய்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது, வந்துகொண்டே இருந்தார்கள். பையனின் கை மட்டும் மேலே வந்தது.

அம்புஜவல்லி வாய்விட்டு அலறினாள். "அப்பா!" என்றுதான் அலறினாள்.

சிவசங்கரி அந்தக் கையைப் பிடித்தாள். வருஷக்கணக்காக வண்டிச் சக்கரத்தைச் சுற்றிய கை அது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். "தாத்தா, தேர நிறுத்துங்க! தேர நிறுத்துங்க!" என்றாள் கலியமூர்த்தியைப் பார்த்து.

கத்தினால் கேட்கிற தூரமா தேர்? கலியமூர்த்தி ஒரே எட்டில் திரும்பினார். அவள் கழுத்திலிருந்து சிவப்புத் துப்பட்டாவை உருவினார். முழங்கால் உயரச் சுவர்மேல் ஏறி, அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து ஆட்டினார். வாழ்நாளெல்லாம் ரயிலுக்குக் காட்டிய மாதிரியேதான். தேரின் முன்தட்டில் துண்டை வீசி இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் அதைப் பார்த்தார். தலைகளுக்கு மேலே சிவப்பு. அவர் துண்டைக் குறுக்கே வீசினார். கட்டை விழுந்தது. தேர் முனகிக்கொண்டு நின்றது. வடம் துவண்டு கீழே இறங்கியது, சாய்ந்திருந்த கூட்டம் மெல்ல நிமிர்ந்தது.

பையன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது.

"அடி பலமா தம்பி? எந்த ஊரு நீ?" என்று கேட்டாள் அம்புஜவல்லி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு.

"கருவேப்பிலங்குறிச்சிங்க. ஒண்ணுமில்லங்க, தோல்தான்." அவனுக்கு என்ன நடக்கவிருந்தது என்பதே தெரியவில்லை. திரும்ப வடத்தைப் பிடிக்க ஓடிவிட்டான். அவன் துண்டு சரிவின்மேலேயே கிடந்தது.

தேர் மறுபடி கிளம்பி, முனை வந்து, திரும்பிப் போனது. அம்மன் தேரும் சண்டிகேசுவரர் தேரும் போய் முடியும்வரை கலியமூர்த்தி அதே இடத்தில் நின்றார். பிறகு துப்பட்டாவை மடித்துச் சிவசங்கரியின் மடியில் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்தார். அந்த வயதில் குதித்திருக்கக் கூடாதுதான்.

சிவசங்கரி துப்பட்டாவைப் பிரித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, இத ஒடச்சிடலாம்."

"என்னாடி சொல்ற?"

"அவங் கை எங் கைக்கு எட்டலன்னா என்னா ஆயிருக்கும்? ஒவ்வொரு வருஷமும் எட்டுமா? எனக்கு இது வேணாம்மா. ஒடச்சிடு."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். போன ஐப்பசியிலிருந்து அழாமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். அம்புஜவல்லி மகளின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை தெரு முழுக்க கல் இறக்குகிற சத்தம். நடைகளிலிருந்து பலகைக் கற்கள் வெளியே வந்து அதனதன் வாசலில் உட்கார்ந்துகொண்டிருந்தன. அம்புஜவல்லி வாசலில் மட்டும் கடப்பாரை விழுந்துகொண்டிருந்தது. கொளஞ்சிநாதன்தான் உடைத்தான். சிமெண்டுத் தோல் பெயர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பியூஸ் சில்லுகள் தெருவில் சிதறின. வீட்டுக்குள் சிவசங்கரி வண்டியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கிளம்புகிற உடையில்தான் இருந்தாள். எப்படிப் போவதென்று தெரியாது, ஆனால் கிளம்பியிருந்தாள்.

உடைத்து முடித்ததும் கொளஞ்சிநாதன் சந்தில் சாத்தி வைத்திருந்த அவர்கள் வீட்டுப் பழைய கல்லை ஆள் வைத்துத் தூக்கிவந்தான். வழக்கம்போல் குறுக்கே போடாமல், வாசலிலிருந்து தெருவுக்குச் சரித்து வைத்துப் பார்த்தான். நீளம் சரியாக இருந்தது. அகலம்தான் பத்தவில்லை. வண்டிக்குப் பின்சக்கரம் இரண்டு. ஒன்று கல்லில் வந்தால் இன்னொன்று காற்றில்.

"இன்னொரு கல்லு வேணுங்க்கா. இதே நீளத்துல."

இதே நீளத்தில் அந்தத் தெருவில் ஒரே ஒரு கல்தான் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும்.

எதிரே கலியமூர்த்தியின் கல்லை நாலு பேர் நடையிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் வாசலில் வைக்கக் குனிந்தார்கள்.

"இங்க வேணாம்" என்றார் அவர். "எதிர்ல கொண்டு போங்க."

"அப்ப உங்களுக்குப் படி?"

"ஓடுற ரயில்ல ஏறி எறங்குனவன்டா நான். எனக்கெதுக்குப் படி?"

"எனக்கு வேணாமா?" உள்ளேயிருந்து அவர் மனைவி பெரியநாயகியின் குரல் வந்தது. "முட்டி வலியோட நான் என்னா பறந்தா போவேன்?"

"ஒனக்கு மரப்பெட்டி ஒண்ணு போட்டுத் தரேன், சும்மா இரு."

கல் தெருவைக் கடந்து வந்தது. அம்புஜவல்லி வாசலில் குறுக்கே நின்றாள். "அந்தக் கல்லு எங்க வூட்டுக்கு வரக்கூடாது."

தூக்கி வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். கனம் தாங்காமல் மெல்லக் கீழே வைத்தார்கள். கலியமூர்த்தி நொண்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார்.

"நேத்து அந்தப் பையன் வுழுந்தப்ப நீ யார நெனச்சி கத்துன?" என்றார்.

அவள் வாசல் நிலையைப் பற்றிக்கொண்டாள்.

"நானும் அவரத்தான் நெனச்சேன், அம்புஜம். ஒவ்வொரு மாசியும் அவரத்தான் நெனைக்கிறேன். இத வருஷத்துக்கு ரெண்டு வாட்டி என் கையாலதான் தூக்குறேன், எறக்குறேன். வேற என்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அம்புஜவல்லி கீழே கிடந்த கல்லைப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததே இல்லை. ஓரத்தில் ஒரு கறை இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். எதுவும் இல்லை. கால்பட்டுக் கால்பட்டு வழவழவென்றிருந்தது, அவள் வீட்டுக் கல்லைப் போலவேதான். உள்ளே சிவசங்கரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

அம்புஜவல்லி ஒதுங்கி வழிவிட்டாள்.

கற்கள் இரண்டையும் பக்கம் பக்கமாகச் சரித்து வைத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்வீட்டுக் கல்லில் காலை வைத்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு அழுத்தி மிதித்தாள். கல் லேசாக ஆடியது.

"இந்தப் பக்கம் ஆடுது" என்றாள். "ஒரு சில்லு வைங்க."

கலியமூர்த்தி குந்தி உட்கார்ந்து, தெருவில் சிதறிக் கிடந்த பியூஸ் சில்லில் ஒன்றைப் பொறுக்கி அடியில் செருகினார். அவள் மறுபடி மிதித்தாள். ஆட்டம் நின்றுபோனது.

"வாடி" என்றாள் உள்ளே பார்த்து.

சிவசங்கரி பிரேக்கை விட்டாள். வண்டி நிலையைத் தாண்டி இரண்டு கற்களின் தலைமாட்டில் வந்து நின்றது. சரிவு முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், பின்னால் பிடித்து விட ஆள் வேண்டும். அம்புஜவல்லி கம்பியின் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா, அந்தப் பக்கம் நீங்க புடிங்க. எனக்கு இடுப்பு முடியல."